1:22 ஏற்றம் உள்ள கொல்லைப்புற ரயிலுக்கு முதல் நீராவி எஞ்சின்: எதை வாங்கலாம்?

கொல்லைவண்டி:

வணக்கம். திருவையாறு பக்கம் பழைய வீடு. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியது என்பதால் பின்கட்டுத் திண்ணை கொல்லைத் தரையிலிருந்து நல்ல உயரம். மாடல் ரயிலின் தண்டவாளம் திண்ணையை ஒட்டி 55 செ.மீ. உயரத்தில் கிளம்புகிறது, கிணற்றைச் சுற்றி இறங்கி, வாய்க்கால் ஓரமாகப் போய்த் திரும்புகிறது. வாய்க்கால் ஓரத்தில் உயரம் 20 செ.மீ.தான். இந்த 35 செ.மீ. வித்தியாசத்தை 11 மீட்டருக்குள் ஏறியாக வேண்டும். சராசரி 1:31, அதாவது 31 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம், வருகிறது, ஆனால் கிணற்றடி வளைவில் ஒரு 3 மீட்டர் மட்டும் 1:22.

மொத்தச் சுற்று 34 மீட்டர். 45 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட அகலம்), பித்தளைத் தண்டவாளம், எல்லா வளைவும் எல்.ஜி.பி. கம்பெனியின் ஆர்3, அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆரம். இப்போது ஓடுவது மின்சார எஞ்சின். இழுக்க வேண்டியது மூன்று போகி கோச், ஒவ்வொன்றும் 900 கிராம்.

நிஜமாக நீராவியில் ஓடும் எஞ்சின் ஒன்று வாங்க எண்ணம். ரவுண்ட்ஹவுஸ் மில்லி, அதே கம்பெனியின் லேடி ஆன், அக்யூகிராஃப்ட் ரூபி, பழைய மாமோட் என்று நாலு பெயர் கண்ணில் படுகிறது. ரிமோட் இல்லாமல் சமாளிக்க முடியுமா? நம்ம ஊர் வெயிலுக்கு எந்த கேஸ்? போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, அதை ஊற்றலாமா?

பொன்மலை ஃபிட்டர்:

பெயர்களுக்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுவோம் சார். ஏற்றத்தில் ஒரு எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதை இந்த அளவில் பாய்லரோ சிலிண்டரோ முடிவு செய்வதில்லை. நீராவிக்குப் பஞ்சம் வருவதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே உந்துசக்கரங்கள் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதே கேள்வி.

காய்ந்த, சுத்தமான தண்டவாளத்தில் அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுவையாகக் கிடைக்கும். ஆனால் நீராவி எஞ்சின் ஓடும் பாதை சுத்தமாக இருக்காது. புகைபோக்கியிலிருந்து எண்ணெயும் சுடுநீரும் தெறித்துக்கொண்டே போகும். 15 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 3 கிலோ எஞ்சின், எடை முழுவதும் உந்துசக்கரத்தில் என்றால் இழுவை 450 கிராம்.

எதிர்ப்பு: 1:22 என்பது 4.5 சதவீதம். பெட்டிகளின் உருள் எதிர்ப்பு 2 சதவீதம். 1.2 மீட்டர் வளைவுக்கு இன்னொரு 2. மொத்தம் 8.5. 450 கிராமை அதால் வகுத்தால் எஞ்சினையும் சேர்த்து 5.3 கிலோ ஏறும். எஞ்சினைக் கழித்தால் 2.3 கிலோ. உங்கள் மூன்று கோச் 2.7 கிலோ, ஏறாது. இரண்டு ஏறும். இதே ஏற்றம் சீராக 1:31 ஆக இருந்திருந்தால் எதிர்ப்பு 7.2 சதவீதம், 3.2 கிலோ ஏறும், மூன்று கோச்சும் போகும். அந்த 3 மீட்டர் துண்டுதான் உங்கள் ஒரு கோச்சைத் தின்கிறது. 2 கிலோ எஞ்சினுக்கு இதே கணக்கைப் போட்டால் மிஞ்சுவது ஒரு கோச்சும் கொஞ்சமும்.

2 சதவீதம் உருள் எதிர்ப்பு என்பது பொதுவான அளவு. உங்கள் கோச்சுக்கு என்ன என்று பார்க்க, ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். லேசாகத் தள்ளிவிட்ட கோச் நிற்காமல், வேகமும் எடுக்காமல் உருளும் இடத்தில் முனை 2 செ.மீ. உயர்ந்திருந்தால் 2 சதவீதம். 4 செ.மீ. தேவைப்பட்டால் எஞ்சினைத் தேடுவதை நிறுத்திவிட்டு அச்சுகளைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் சக்கரத்தை உலோகச் சக்கரமாக மாற்றுவது எஞ்சின் மேல் செலவழிப்பதைவிட மலிவு.

இனி எஞ்சின். முன்னும் பின்னும் சின்னச் சக்கரம் வைத்த வகைகளை முதலில் விலக்குங்கள். அவை எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும். 0-4-0 அல்லது 0-6-0 டேங்க் எஞ்சின் போதும் (நடு எண் உந்துசக்கரங்கள், முன்னும் பின்னும் உள்ள எண்கள் சின்னச் சக்கரங்கள்), தண்ணீரும் கேஸும் அதன் முதுகிலேயே இருப்பது உங்களுக்கு லாபம். நீங்கள் சொன்னதில் லேடி ஆன்தான் இதற்குப் பொருத்தம்: ஆறு சக்கரமும் உந்துசக்கரம், பாய்லருக்கு உள்ளே குழாயில் எரியும் கேஸ் பர்னர், வால்ஷார்ட் வகை வால்வு கியர், அதாவது நீராவியைச் சிலிண்டருக்குள் விடும் வால்வை ஆட்டும் அமைப்பு. ரேடியோ கட்டுப்பாடு பொருத்தியே வாங்குங்கள். ஒரு சர்வோ, அதாவது சின்ன மோட்டார், நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு; இன்னொன்று முன் பின் திருப்ப.

ரேடியோ இல்லாமல் இந்த லைனில் என்ன ஆகும்? சமதளத்துக்கு ரெகுலேட்டர் வைத்தால் கிணற்றடியில் நின்றுவிடும். கிணற்றடிக்கு வைத்தால் இறக்கத்தில் வளைவை விட்டு வெளியே போகும். ஓடிக்கொண்டே குனிந்து, சூடான கேபினுக்குள் விரலை விட்டுத் திருகுவது ஒரு மாலைக்கு வேடிக்கை, அதற்கு மேல் தண்டனை.

ரூபி நல்ல எஞ்சின்தான், சமதளத்தில். அதில் பின்னோக்கத்துக்குத் தனி வால்வு கியர் கிடையாது; நீராவி போகும் வழியையும் வரும் வழியையும் ஒரு வால்வு மாற்றிவிடும். ரெகுலேட்டர் தொட்டால் சிணுங்கும், மெதுவாக ஓட்டுவது கஷ்டம், எடையும் குறைவு. மாமோட் சிலிண்டர்கள் ஆடும் வகை, பாய்லருக்கு வெளியே தீ. ஆடிக்காற்றில் அந்தத் தீ பாய்லரைத் தவிர எல்லாவற்றையும் சுடும். முதல் எஞ்சினுக்கு வேண்டாம்.

இன்னொரு பாதை பல்சக்கர கியர் வைத்த எஞ்சின்கள், ஷே மாதிரி. எல்லாச் சக்கரமும் உந்தும், கியர் காரணமாக இறக்கத்தில் தானாகவே நிதானிக்கும். உங்கள் மேட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் சின்னச் சின்ன அசையும் பாகங்கள் அதிகம், எண்ணெய் விட வேண்டிய இடங்கள் அதிகம். வேகம் பார்க்க ஆசைப்படுபவருக்கு அலுப்புத் தட்டும்.

மீட்டர்கேஜ்:

ஃபிட்டர் அண்ணன் கணக்கு சரி. முடிவில் மட்டும் எனக்குப் பாதி சம்மதம். எஞ்சினை மேட்டுக்குத் தகுந்த மாதிரி வாங்குவதைவிட, மேட்டை எஞ்சினுக்குத் தகுந்த மாதிரி வெட்டுவது மலிவு.

திண்ணை ஸ்டேஷன் 55 செ.மீ.யில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சுவரில் ஆங்கிள் பிராக்கெட் அடித்து 45 செ.மீ.க்கு இறக்குங்கள். வித்தியாசம் 25 ஆகிவிடும், 11 மீட்டருக்கு 1:44. அதைச் சீராகப் பிரித்துவிட்டால் ஏற்றத்தின் பங்கு 2.3 சதவீதம்தான், வளைவையும் உருளலையும் சேர்த்து 6.3. அதே 3 கிலோ எஞ்சின் 4 கிலோவுக்கு மேல் இழுக்கும். மூன்று கோச் போக ஒரு பிரேக் வேனும் கட்டலாம். ஒரு நாள் வேலை, எட்டு பிராக்கெட்.

1:44 ஆன பிறகு மில்லி கூடச் சாத்தியமான எஞ்சின்தான், இரண்டு கோச்சோடு. அதில் ஸ்லிப் எக்சென்ட்ரிக், அதாவது திசை மாற்ற எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுத் தள்ளிவிட வேண்டும். ஒரே திசையில் சுற்றும் உங்கள் லைனில் அது குறையே அல்ல. அசையும் பாகம் குறைவு, கற்றுக்கொள்ள எளிது. ஆனால் ஏற்றம் 1:22 ஆகவே இருக்கப் போகிறதென்றால் அண்ணன் சொன்னதுதான், ரேடியோ இல்லாமல் தொடாதீர்கள்.

ஏற்றம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் முக்கியம். சமதளத்திலிருந்து சட்டென்று 1:22க்கு மடக்கினால் ஆறு சக்கர எஞ்சினின் நடுச் சக்கரம் உச்சியில் எடையைத் தூக்கிக்கொள்ளும், அடியில் தொங்கும். கொக்கி கழன்று கோச் பின்னால் ஓடும். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக வளையுங்கள்.

நிஜ ரயிலையும் பாருங்கள். நீலகிரியில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 1:12. அதை ஏறத் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் போட வேண்டியிருந்தது. நம்ம விழுப்புரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் மெயின் லைனில் மீட்டர்கேஜ் காலத்து எஞ்சின்கள் மேட்டையே பார்க்காமல் ஓடின. உங்கள் கிணற்றடி அந்த இரண்டுக்கும் நடுவில், மலைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

தோற்றம் பற்றி யாராவது சொல்லத்தான் வேண்டும். 45 மி.மீ. பாதை மீட்டர்கேஜாகத் தெரிய வேண்டுமானால் மாடலின் அளவு 1:22.5, அதாவது நிஜத்தில் 22.5இல் ஒரு பங்கு (ஏற்றக் கணக்கு அல்ல). பிரிட்டிஷ் கம்பெனிகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் 1:19, இரண்டடி கேஜ் ரயில்களைப் பார்த்துச் செய்தவை. உங்கள் கோச் பக்கத்தில் எஞ்சின் கொஞ்சம் குண்டாகத் தெரியும். மீட்டர்கேஜ் பயணிகள் ரயிலை இழுத்த ஒய்.பி. எஞ்சின் மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை வரும், வராமல் இருக்காது. அது 4-6-2, நீளம், பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வேறு, 1.2 மீட்டர் வளைவில் அந்த ஆசையை ஒத்திவையுங்கள்.

களிமண் நிலம்:

எஞ்சின் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். பாதை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

டெல்டாக் களிமண் சித்திரையில் விரல் போகும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். தரையில் ஜல்லி கொட்டிப் போட்ட பாதை இன்று 1:31 என்றால் பொங்கலுக்குள் ஓர் இடத்தில் 1:20, இன்னோர் இடத்தில் பள்ளம். மின்சார எஞ்சினுக்கு இது தெரியாது. நீராவிக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

90 மி.மீ. பி.வி.சி. குழாயை 80, 90 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் ஆற்றுமணலை இடித்து, உள்ளே கான்கிரீட் நிரப்புங்கள். 75 செ.மீ.க்கு ஒரு தூண் போதும். வெடிப்பு போகும் ஆழத்துக்குக் கீழே அடி நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. சுற்றிலும் மணல் இருந்தால் களிமண் ஊதும்போது குழாயைப் பிடித்துத் தூக்காது. தூண்களுக்கு மேல் மரச்சட்டம் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் கறையான் கணக்கை முடித்துவிடும். 40 மி.மீ. சதுர ஜி.ஐ. குழாய் இரண்டு இணையாக, அதன் மேல் சிமென்ட் போர்டு. உயரத்தைக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டத்தில் பாருங்கள். கையளவு ரசமட்டம் 11 மீட்டருக்கு உதவாது.

இடவலச் சாய்வுக்கு மட்டும் அந்தச் சின்ன ரசமட்டத்தைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்து 15 செ.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். சாய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. எஞ்சினின் அச்சுகளுக்கு இடையே ஒரு மி.மீ.க்கு மேல் முறுக்கு இருந்தால் ஒரு சக்கரம் எடை இழக்கும். அது வளைவில் தடம் புரளலாம்.

பித்தளையை இறுக்கித் திருகாதீர்கள். மார்கழி விடியலுக்கும் மே மாத மதியத்துக்கும் தண்டவாளத்தின் வெப்பத்தில் 40 டிகிரி வித்தியாசம் வரும். 11 மீட்டர் பித்தளை அதில் 8 மி.மீ. நீளும். 1.2 மீட்டர் துண்டுக்கு ஒரு மி.மீ. இடைவெளி என்று வெயில் ஏறுமுன் வைத்துப் பூட்டுங்கள். கொல்லையில் நாவல் மரம் இருந்தால் ஆனி, ஆடியில் ஓட்டும் முன் பாதையைத் துடைக்க வேண்டும். நசுங்கிய நாவல் பழத்தில் எந்தக் கம்பெனி எஞ்சினும் ஏறாது.

கொல்லைவண்டி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டேஷனை 10 செ.மீ. இறக்க முடியும், அளந்து பார்த்துவிட்டேன். சுற்றை இரண்டு திசையிலும் ஓட்ட ஆசை என்பதால் ரேடியோ வைத்த 0-6-0 பக்கமே மனம் போகிறது. கேஸும் தண்ணீரும் இன்னும் பாக்கி. வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்ப அடாப்டர் கிடைக்கும் என்கிறார்களே?

பொன்மலை ஃபிட்டர்:

வீட்டு சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். சட்டப்படியும் தப்பு, எஞ்சினுக்கும் ஆகாது. அதில் புரோப்பேன் கலந்திருக்கும். 40 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேல் 3 பாரை நெருங்கும், புரோப்பேன் 12 பாரைத் தாண்டும். எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன டாங்க் பியூட்டேனை மனதில் வைத்துச் செய்தது. இங்கிலாந்துக்காரர்கள் குளிருக்காகக் கொஞ்சம் புரோப்பேன் கலந்த டின் வாங்குவார்கள். நமக்கு அந்தத் தேவையே இல்லை. சுத்தமான பியூட்டேன் டின், லைட்டர் நிரப்ப விற்பது, போதும். டின்னின் மூக்கும் எஞ்சினின் வால்வும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

நம்ம ஊரில் கேஸ் தகராறு எல்லாம் சூட்டால் வருவது. 20 டிகிரியில் 1 பாரைச் சுற்றி இருக்கும் அழுத்தம் வெயிலில் இரண்டு மூன்று மடங்காகிவிடுவதால் பர்னருக்குக் காற்று பத்தாமல் தீ புகைபோக்கி வழியே மேலே வரும், ஊளையிடும், அல்லது சேஃப்டி வால்வு நிற்காமல் ஊதும். கேஸ் வால்வைத் திறக்கும்போது மயிரிழை மயிரிழையாகத் திறங்கள். ஓட ஓட டாங்க் சூடாகும், ஆகவே இரண்டாவது சுற்றில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

நிரப்பும்போது நேர்மாறான தொல்லை. டின்னைவிட டாங்க் சூடாக இருந்தால் திரவம் உள்ளே போகாது. பாதி நிரம்பியதும் நின்றுவிடும். ஓடி முடித்த எஞ்சினில் உடனே நிரப்பப் பார்க்காதீர்கள். ஈரத்துணியை டாங்க் மேல் பத்து நிமிஷம் போட்டு, டின்னைத் தலைகீழாகச் செங்குத்தாக அழுத்துங்கள். வால்வைச் சுற்றித் திரவம் பீச்சினால் நிரம்பிவிட்டது. கொல்லையில் விறகு அடுப்பு எரிகிறதா, வைக்கோல் போர் எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகு இந்த வேலை. ஸ்பிரிட்டில் எரியும் எஞ்சினை நான் சொல்லாததற்கும் காரணம் வைக்கோல்தான்: கவிழ்ந்தால் ஸ்பிரிட் கொட்டும், பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு பாய்லருக்குள் படியும், அதற்கு முன்பே நுரைத்து ரெகுலேட்டர் வழியே தண்ணீராகக் கிளம்பும். ஆர்.ஓ. தண்ணீர் அவசரத்துக்கு ஆகும். ஓட்டி முடித்ததும் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் உப்பு கெட்டியாகிக்கொண்டே போகும். பேட்டரி தண்ணீர் என்று விற்கும் அயனி நீக்கிய தண்ணீரையும் தவிருங்கள், பித்தளைப் பாகங்களிலிருந்து துத்தநாகத்தை அரிக்கும். நமக்கு இருப்பதிலேயே நல்லது ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீர். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடியைக் கழுவிய பிறகு வருவதை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். இருபது லிட்டர் கேன் ஒன்று வருஷத்துக்குக் காணும்.

பாய்லரை நிரம்ப ஊற்றி, பிறகு சிரிஞ்சால் 30 மி.லி. திரும்ப எடுங்கள். சமதளத்திலேயே அந்த இடைவெளி வேண்டும், உங்கள் மேட்டில் இன்னும் அவசியம். 15 செ.மீ. நீள பாய்லர் 1:22 ஏற்றத்தில் நின்றால் முன்முனைக்கும் பின்முனைக்கும் நீர்மட்டத்தில் 7 மி.மீ. வித்தியாசம். புகைபோக்கி முன்னால் வைத்து ஏறும்போது தண்ணீர் கேபின் பக்கம் குவியும். அதிகமாக இருந்தால் சிலிண்டருக்குள் போய், அதற்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டரின் எண்ணெயையும் கழுவிக்கொண்டு புகைபோக்கி வழியே உங்கள் சட்டைக்கு வரும். நீர்மட்டக் கண்ணாடியையும் ஸ்டேஷனில், சமதளத்தில் மட்டும் பாருங்கள்.

கேஸ் தீரும்போது பாய்லரில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்படிதான் டாங்க் அளவு வைத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றாமல் கேஸை மட்டும் இரண்டாவது தடவை நிரப்பினால் அந்தக் காப்பு போய்விடும், தீக்குழாய் வெறுமனே காயும். எப்போதும் இரண்டும் சேர்ந்தே.

லூப்ரிகேட்டருக்கு ஸ்டீம் சிலிண்டர் ஆயில், 460 தரம். பைக் எஞ்சின் ஆயில் நீராவியோடு சேர்ந்து மோர் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு லூப்ரிகேட்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணெயை நிரப்புங்கள். இதை மறந்தால் இரண்டாவது ஓட்டம் எண்ணெய் இல்லாமல்தான் நடக்கும்.

கிளம்பும்போது சிலிண்டரில் குளிர்ந்த நீர் நிற்கும். புகைபோக்கி மேல் துணியைப் பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரை லேசாகத் திறந்து, முன்னும் பின்னும் அரைச் சுற்று உருட்டிவிடுங்கள், தண்ணீர் கக்கிவிட்டுச் சீராகும். இறக்கத்தில் ரெகுலேட்டரை முழுக்க மூடாமல் மயிரிழை திறந்தே வையுங்கள், எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். வேகம் எடுக்கிறதே என்று ஓடும்போது லீவரைப் பின்பக்கம் தள்ளாதீர்கள், வால்வு கியர் அதற்குச் செய்ததல்ல.

மீட்டர்கேஜ்:

ஒரு சேர்க்கை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு சுங்கவரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் சேரும், அதை பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். டாங்கில் கேஸ் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், காலியாகத்தான் வரும்.

இந்தியாவிலேயே கைமாறுகிற பழையது கிடைத்தால், பாய்லரைத் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் எஞ்சின் என்றால் 60. சேஃப்டி வால்வைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனை. முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. பத்து நிமிஷம் முள் இறங்காமல் நின்றால் சரி. பிறகு வால்வை மாட்டி, நீராவியில் 40ஐ ஒட்டித் திறக்கிறதா என்று பாருங்கள். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவும். பர்னருக்குக் கேஸ் விடும் ஊசித்துளை, அதாவது ஜெட், அடைத்திருந்தால் குண்டூசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிப் பர்னர் உருப்படாது. கழற்றி, லைட்டர் டின்னின் மூக்கை ஜெட்டின் வெளிமுனையில் வைத்து ஒரு அழுத்து, அடைத்திருப்பது வந்த வழியே வெளியேறும்.